பாக்கு நீரிணையின் இரு கரை வண்டுகள்: பூர்வீகம் தேட எந்த முறை?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் பிடித்த வண்டும் இராமேசுவரத்தில் பிடித்த வண்டும் ஒரே இனம். இரண்டு கூட்டமும் எப்போது பிரிந்தன, எது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு ஆய்வு முன்மொழிவு எழுத உட்காரும் மாணவர் பெரும்பாலும் முதலில் முறையைத்தான் தேடுகிறார். சி.ஓ.ஐ. என்ற ஒரு மரபணுத் துண்டின் வரிசை போதுமா, மைக்ரோசற்றலைற் (டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களின் நீளத்தை ஒப்பிடுவது) செய்வதா, முழு மரபணுத்தொகுதிக்கே போய்விடுவதா என்று விலைப்பட்டியலைப் புரட்டுகிறார். ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. முறையைத் தீர்மானிப்பது பிரிவின் வயது. அதை உத்தேசமாகவேனும் எழுதிவைத்து, அந்த வயதில் ஒவ்வொரு முறையும் எத்தனை வித்தியாசத்தைக் காட்டக்கூடும் என்று கணக்குப் பார்த்தால், தெரிவுகளில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும். கணக்குக்கு ஒரு கடதாசியும் அரை மணித்தியாலமும் போதும்.

நம் பகுதியில் வண்டுக்குச் சாத்தியமான வரலாறுகள் முக்கியமாக நான்கு. முதலாவது, கடல் பிரித்தது. கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், இன்றைக்கு ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன், உலகக் கடல்மட்டம் இப்போதையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழங்கூட இல்லாதது. ஆகவே அது அப்போது தரை. கடல் ஏறி இணைப்பு அறுந்தது ஏறத்தாழ 10,000 முதல் 7,000 வருடங்களுக்கு முன்னர். முந்திய பனிக்காலங்களிலும் இதே தரை திறந்து மூடியிருக்கிறது. அதனால் 'ஒரு தடவை பிரிந்தன' என்ற எளிய படமே பிழையாக இருக்கலாம். இரண்டாவது, பிரிவு அதைவிட மிகப் பழையது, தரை இருந்த காலத்திலும் வண்டு கடந்து வரவில்லை. மூன்றாவது, மனிதர் கொண்டுவந்தார்கள்: எரு, உக்கிய மரக்குற்றி, செடியின் வேர்மண், கால்நடை. வல்வெட்டித்துறைத் தோணிகள் சும்மா ஓடவில்லை. நெடுந்தீவுக்குக் குதிரையும் மாடும் கடல் வழியேதான் போயின. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: குடாநாட்டு வண்டு தெற்கிலிருந்து, குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஆனையிறவு வழியாக ஏறி வந்திருக்கலாம். ஏறத்தாழ 6,000 வருடங்களுக்கு முன் கடல் இன்றையதைவிடச் சற்று உயர்ந்தும் நின்றது. தாழ்ந்த குடாநாட்டின் சில பகுதிகளில் இன்று இருக்கும் கூட்டங்கள் அதற்குப் பின் குடியேறியவையாகவும் இருக்கலாம்.

நான்கு வரலாறுகளின் வயதும் நூறு வருடத்திலிருந்து பல இலட்சம் வருடம் வரை விரிகிறது. ஒரே முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

சி.ஓ.ஐ.: மலிவு, ஆனால் எதற்கு?

இழைமணி டி.என்.ஏ.யின் சி.ஓ.ஐ. பகுதி, 1994இல் வெளியான ஃபோல்மர் பிரைமர்களால் (பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பெருக்கப்படும் 658 நியூக்கிளியோரைட்டுத் துண்டு, வண்டு ஆய்வின் முதற்கதவு. வண்டுகளுக்கு அதன் வேகமும் தெரியும். ஏஜியன் கடல் தீவுகளின் தெனெபிரியோனிட் குடும்ப வண்டுகளைக் கொண்டு 2010இல் கணித்த வேகம், இரு கிளைகளுக்கிடையே பத்து இலட்சம் வருடத்துக்கு 3.54 வீதம். அதற்கு முன் பூச்சிகளுக்கெல்லாம் பொதுவாக 2.3 வீதம் என்ற எண்ணையே பயன்படுத்தினார்கள். வண்டுக்கு வண்டிலிருந்து கணித்த எண்ணை எடுப்பதே நல்லது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 658இல் 3.54 வீதம் என்றால் பத்து இலட்சம் வருடத்தில் ஏறத்தாழ 23 வித்தியாசங்கள். அதாவது ஒரு வித்தியாசம் தோன்றச் சராசரி 43,000 வருடம். பாக்கு நீரிணைத் தரையைக் கடல் மூடி 10,000 வருடம் என்று வைத்தால் எதிர்பார்க்கவேண்டிய புதிய வித்தியாசம் 0.23. முழு ஒன்று கூட இல்லை. முழு இழைமணித் தொகுதியையும் வரிசைப்படுத்தினால் நாலைந்து கிடைக்கலாம். அதைக் கொண்டு திகதி குறிப்பது துணிச்சல்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. பிரிவதற்கு முன்பே மூதாதைக் கூட்டத்துக்குள் வேறுபாடு இருந்தது. இனம்பெருக்கும் பெண் வண்டுகளின் பயனுறு எண்ணிக்கை (உண்மையில் அடுத்த தலைமுறைக்கு மரபைக் கடத்துபவற்றின் அளவு) ஒரு இலட்சம், வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால், எழுமாற்றாக எடுத்த இரண்டு வண்டுகளின் இழைமணி வழி பொதுத் தாயைச் சந்திப்பது சராசரி ஒரு இலட்சம் வருடத்துக்கு முன். அது மட்டுமே 658இல் இரண்டு மூன்று வித்தியாசம் தரும். கடல் பிரித்ததால் வந்த 0.23 அதற்குள் தொலைந்துபோகும். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் 'இலங்கைக் கூட்டமும் இந்தியக் கூட்டமும் 1,20,000 வருடங்களுக்கு முன் பிரிந்தன' என்ற வகை முடிவுகளில் பல, பரம்பரையலகு (மரபணு) பிரிந்த வயதைக் கூட்டம் பிரிந்த வயதாக வாசித்ததால் வருபவை. பிரிந்தபின் கலப்பு இல்லையென்றால் பரம்பரையலகின் வயது கூட்டத்தின் வயதுக்குச் சமமாகவோ மேலாகவோதான் இருக்கும்.

அப்படியானால் சி.ஓ.ஐ. வீணா? இரண்டு வேலைகளுக்கு அதை வெல்ல ஆளில்லை. முதல் வேலை, பழைய பிரிவைக் கண்டுபிடிப்பது. இரு கரைக்குமிடையே இருபது முப்பது வித்தியாசம் வந்தால், இரண்டாம் வரலாறு வலுக்கும். ஒரே இனம்தானா என்ற சந்தேகத்தையும் அங்கேயே தீர்க்கவேண்டும். தென்னை செவ்வண்டு நல்ல உதாரணம். உடல் நிறத்தையும் கோட்டையும் நம்பிப் பல காலம் குழம்பியிருந்த கூட்டத்தை 2013இல் சி.ஓ.ஐ. கொண்டு பிரித்தபோது, *ரிங்கோஃபோரஸ் ஃபெருஜினியஸ்*, *ரிங்கோஃபோரஸ் வல்னரேற்றஸ்* என்று இரு இனங்கள் தெளிந்தன. கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் 2010இல் பிடிபட்டதும் இரண்டாவதுதான் என்று தெரிந்தது. இலங்கையில் உள்ளது முதலாவது.

இரண்டாவது வேலை, ஏற்கெனவே ஆழமாக வேறுபட்ட மூலக்கூட்டங்களில் எதிலிருந்து அண்மைய வருகை நடந்தது என்று காட்டுவது. தென்னை கருவண்டு, *ஒறிக்ரெஸ் றைனோசெறஸ்*, 1909இல் பசிபிக் தீவான சமோவாவுக்குப் போனது. இலங்கையிலிருந்து இறப்பர் நாற்றுகளோடு போனதாகவே பதிவுகள் சொல்கின்றன. குவாமுக்கு 2007இலும் ஹவாய்க்கு 2013இலும் வந்த அலை வேறு வகை. கருவண்டைக் கட்டுப்படுத்தப் பயன்படும் வைரசால் கட்டுப்படாத அந்த 'ஜி' வகையைப் பிரித்தறிய, சி.ஓ.ஐ. துண்டை எம்.எஸ்.ஈ.-1 நொதியத்தால் வெட்டி ஜெல்லில் ஓடவிட்டாலே போதும். வரிசைப்படுத்தவே தேவையில்லை. வருகையின் வயது பத்துப் பதினைந்து வருடமாக இருந்தும் சி.ஓ.ஐ. இங்கே வேலை செய்ததற்குக் காரணம், மூலக்கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு பழையது என்பது. நம் கரைக்கும் இராமேசுவரத்துக்கும் அப்படி ஒரு பழைய வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க, ஓரிடத்துக்கு எட்டுப் பத்து வண்டு வரிசைப்படுத்தினால் போதும்.

சி.ஓ.ஐ.யில் பிழைக்கும் இடங்களையும் சொல்லவேண்டும். இழைமணித் துண்டின் பிரதி கலக்கருவின் டி.என்.ஏ.க்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரைமர் அதையும் பெருக்கும். வரிசையில் இரட்டை உச்சிகள், நடுவில் புரத ஆக்கத்தை நிறுத்தும் குறி, மூன்றால் வகுபடாத இடைவெளி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த மாதிரியை ஒதுக்கவேண்டும். இரு திசையிலும் வரிசைப்படுத்தாவிட்டால் இவை கண்ணில் படாது. மற்றது வொல்பாக்கியா பற்றீரியா. தாய்வழியே மட்டும் கடத்தப்படும் அது ஒரு கூட்டத்துக்குள் பரவும்போது, தான் ஏறிவந்த இழைமணி வகையையும் கூடவே பரப்பிவிடும். பிறகு கூட்டம் முழுவதும் ஒரே வகை; பார்ப்பவர் 'அண்மையில் குடியேறியது' என்று எழுதுவார். வொல்பாக்கியாவுக்கான ஒரு பி.சி.ஆர். சோதனையைச் சேர்ப்பது பெரிய செலவல்ல, ஆனால் பெரும்பாலான இறுதியாண்டு ஆய்வுகளில் அது இருப்பதில்லை.

உருவ அளவீடு

சுருக்கமாக: இனத்தை உறுதிப்படுத்த அவசியம், பூர்வீகம் தேடப் பயனற்றது. கருவண்டின் கொம்பு நீளம் புழுப்பருவத்தில் தின்ற எருவின் தரத்தைத்தான் சொல்லும். ஆண் இனப்பெருக்க உறுப்பைப் பத்து வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் தெளிவாக்கிப் பார்ப்பது மட்டும் தவறவிடக்கூடாதது. மரபணு வேலைக்கு முன் அதைச் செய்தால் இரண்டு இனத்தை ஒன்றாகக் கலந்து ஆய்வு செய்யும் அவலம் நேராது. பிடித்த வண்டின் உடலை வீசாமல், காலை மட்டும் எடுத்துவிட்டு ஊசியில் குத்தி வைத்திருங்கள்.

மைக்ரோசற்றலைற்

பதினைந்து வருடங்களுக்கு முன் இதுவே விடை. இப்போது தொடங்குபவருக்கு நாம் பரிந்துரைப்பதில்லை. புதிய இனம் ஒன்றுக்குப் பிரைமர் உருவாக்கவே பல மாதம் போகும். கடைசியில் பத்துப் பதினைந்து இடங்கள்தான் கிடைக்கும். ஓரிடத்துக்கு இருபது முப்பது வண்டு வேண்டும். பிரைமர் ஒட்டுமிடத்தில் விகாரம் இருந்தால் எதிருரு (ஓரிடத்தில் வரும் மாற்று வடிவம்) ஒன்று தெரியாமலே போய், ஒரே எதிருரு மட்டும் கொண்ட வண்டுகள் கூடியதாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆய்வுகூடம் நீளம் 182 என்று படிக்கும் துண்டை இன்னொரு ஆய்வுகூடம் 184 என்று படிக்கும். தமிழ்நாட்டுத் தரவையும் நம் தரவையும் பின்னர் இணைக்கவே முடியாது. விதிவிலக்கு ஒன்று: உங்கள் இனத்துக்கு ஏற்கெனவே சோதித்த பிரைமர்கள் கையில் இருந்து, கேள்வி தீவுக்கும் குடாநாட்டுக்கும் இடையிலான இன்றைய போக்குவரத்து மட்டும் என்றால், செய்யலாம்.

டி.டி.ராட்: பெரும்பாலானோருக்கு இதுதான்

இரண்டு வெட்டு நொதியங்களால் டி.என்.ஏ.யை வெட்டி, ஒரு குறித்த நீள எல்லைக்குள் வரும் துண்டுகளை மட்டும் வரிசைப்படுத்தும் இம்முறை 2012இல் வெளியானது. மரபணுத்தொகுதி தெரியாத இனத்திலும் ஆயிரக்கணக்கான இடங்கள் கிடைக்கும். கணக்கை மீண்டும் போடுவோம். 20,000 துண்டு, ஒவ்வொன்றும் 150 எழுத்து என்றால் 30 இலட்சம் எழுத்து. பூச்சிகளில் கலக்கருவுக்குரிய டி.என்.ஏ.யின் விகார வேகத்தைத் தலைமுறைக்கு ஓர் எழுத்துக்கு 100 கோடியில் மூன்று என்று எடுத்தால், 10,000 தலைமுறையில் இரு கிளைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 180 புதிய வித்தியாசங்கள். சி.ஓ.ஐ.யின் 0.23 எங்கே, இது எங்கே!

உண்மையான பலம் புதிய விகாரத்திலும் கூடப் பழைய எதிருருக்களின் விகிதம் நகர்வதில் இருக்கிறது. பயனுறு எண்ணிக்கை 50,000, பிரிந்து 8,000 தலைமுறை, இடையில் கலப்பே இல்லை என்றால் எழுமாற்று நகர்வால் எதிர்பார்க்கும் எஃப்.எஸ்.டி. (இரு கூட்டங்களும் எவ்வளவு வேறுபட்டன என்பதன் அளவு) ஏறத்தாழ 0.08. எண்ணிக்கை ஒரு இலட்சமென்றால் 0.04. இந்த அளவைப் பன்னிரண்டு மைக்ரோசற்றலைற் தடுமாறித்தான் காணும். சில ஆயிரம் இடங்கள் தெளிவாகக் காணும். ஆயிரத்துக்கு மேல் இடங்கள் இருக்குமானால் ஓரிடத்துக்கு நான்கு முதல் ஆறு வண்டே எஃப்.எஸ்.டி. கணிக்கப் போதும் என்று 2012இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நான்கு வரலாறுகளையும் ஒப்பிட்டுச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் பத்துக்குக் குறையாதீர்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எஃப்.எஸ்.டி. 0.08 என்று வந்தவுடன் 'கடல் பிரித்தது' என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொரு கணக்கைப் பாருங்கள்: நூறு தலைமுறைக்கு முன் ஒரு தோணியில் சில வண்டுகள் வந்து, அதன்பின் பயனுறு எண்ணிக்கை 500 அளவிலேயே இருந்தது என்றால், எஃப்.எஸ்.டி. அதே அளவுக்கு வந்து நிற்கும். எண் ஒன்று, வரலாறு இரண்டு. பிரித்தறியப் பார்க்கவேண்டியது வேறுபாட்டின் வடிவம். கடல் பிரித்திருந்தால் இரு கரையிலும் தத்தமக்கே உரிய அரிய எதிருருக்கள் இருக்கும், இரு பக்கப் பல்வகைமையும் ஒப்பிடக்கூடியதாக இருக்கும். மனிதர் கொண்டுவந்திருந்தால் வந்த பக்கம் மட்டும் மெலிந்திருக்கும். அங்குள்ள எதிருருக்கள் அநேகமாக முழுவதும் மூலக்கூட்டத்தில் இருப்பவற்றின் ஒரு பகுதி. அரியவை முதலில் தொலைந்திருக்கும். நிறமூர்த்தத்தில் தூரத் தூர இருக்கும் இடங்களும் இணைந்தே கடத்தப்படுவதாகத் தோன்றும். நான்கு வரலாறுகளையும் ஃபாஸ்ற்சிம்கோல், டாடி போன்ற மென்பொருளில் கணித மாதிரிகளாக எழுதி இவற்றோடு ஒப்பிடவேண்டும். நிறம் நிறமாகத் தடி வரைந்து காட்டும் அட்மிக்ஷர் படம் மட்டும் போதாது. மாதிரி எடுத்த இடங்களுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தால், தொடர்ச்சியாக மாறும் கூட்டத்தைக்கூட அது இரண்டு நிறமாக வெட்டிக் காட்டிவிடும்.

செய்முறையில் கவனிக்கவேண்டியவை. டி.என்.ஏ. முறியாமல் இருக்கவேண்டும். ஒரு மாதிரிக்கு 100 முதல் 500 நனோகிராம் தேவை; அகரோஸ் ஜெல்லில் மேலே ஒரே கட்டியாக நிற்கவேண்டும், கீழே இழுபட்டால் அந்த மாதிரி சரிவராது. அளவைக் குயூபிற் கருவியில் பாருங்கள். நனோட்ரொப் கருவி வண்டின் நிறப்பொருளையும் ஆர்.என்.ஏ.யையும் சேர்த்து எண்ணி, இருப்பதைவிடப் பல மடங்கு காட்டும். ஒரு துண்டுக்கு இருபது தடவை வாசிப்பு வேண்டுமென்றால் 20,000 முதல் 50,000 துண்டுக்கு ஒரு வண்டுக்கு நான்கு இலட்சம் முதல் பத்து இலட்சம் வாசிப்பு. 96 மாதிரித் தட்டு ஒன்றுக்குப் பத்துக் கோடி வாசிப்புக் கேட்டால் பாதுகாப்பு. வாசிப்புகளைத் தொகுக்கும் ஸ்ராக்ஸ் மென்பொருள் தானாக வைத்திருக்கும் அமைப்பு எண்களை அப்படியே விடாமல், 80 வீத மாதிரிகளில் காணப்படும் பன்னுருவ இடங்களின் எண்ணிக்கை உச்சமாகும்வரை எண்களை மாற்றிப் பாருங்கள்.

மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு: யாழ்ப்பாண மாதிரிகளை ஒரு தட்டிலும் தமிழ்நாட்டு மாதிரிகளை இன்னொரு தட்டிலும் செய்வது. துண்டு நீளத் தெரிவு தட்டுக்குத் தட்டுச் சற்று மாறும். அந்த மாற்றமே இரு கரைகளின் வேறுபாடாக அழகாக வெளிவரும். பின்னர் எந்தப் புள்ளிவிபரமும் அதைப் பிரித்தெடுக்காது. ஒவ்வொரு தட்டிலும் இரு கரை மாதிரிகளும் கலந்திருக்கவேண்டும். சில மாதிரிகளை இரு தட்டிலும் திரும்பச் செய்யவேண்டும்.

முழு மரபணுத்தொகுதி

கருவண்டுக்கு மட்டும் இது யோசிக்கத்தக்கது. அதன் மரபணுத்தொகுதி வெளியாகிவிட்டது, சுமார் 377 மெகா எழுத்து. ஒரு வண்டை இரண்டு மடங்கு ஆழத்தில் வாசிக்க 0.75 ஜிகா எழுத்து, நாற்பது வண்டுக்கு 30 ஜிகா. இன்றைய வரிசைப்படுத்தலில் இது பெரிய அளவல்ல. நூலகம் தயாரிக்கும் செலவே கனம். இரண்டு மடங்கில் ஒவ்வொரு வண்டின் மரபுவகையையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் அங்ஸ்ட் போன்ற நிகழ்தகவு வழி மென்பொருள் வேண்டும். கணினியும் வேண்டும்: மடிக்கணினியில் முடியாது. தொகுதி வெளியாகாத சாணி வண்டுக்கோ மணல் வண்டுக்கோ இதைத் தொடங்கினால் முதலில் தொகுதியைக் கட்டவே ஒரு முதுமாணிக் காலம் முடிந்துவிடும்.

எந்த வண்டு?

முறையைப்போலவே வண்டும் ஒரு தெரிவு, அதைப் பெரும்பாலும் கையில் அகப்பட்டது தீர்மானிக்கிறது. கருவண்டு எருக்கும்பியிலும் உக்கிய பனங்குற்றியிலும் கிடைக்கும், பொறி வைக்க எதைல் 4-மெதைல் ஒக்ரனோயேற் என்ற கவர்ச்சிப் பொருள் உண்டு, தரவுத்தளங்களில் ஒப்பிட வரிசைகள் ஏராளம். ஆனால் மனிதரோடு திரியும் வண்டு அது. கடல் பிரித்த வரலாற்றை அதில் தேடினால், மேலே பூசப்பட்ட நூற்றாண்டுப் போக்குவரத்தைத்தான் காண்பீர்கள். மூன்றாம் வரலாற்றைச் சோதிக்க அது மிகப் பொருத்தம்.

கடலின் கதையைக் கேட்க இறக்கையற்ற தரை வண்டு வேண்டும். மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போய் மணலில் வாழும் தெனெபிரியோனிட் வண்டைத் தேடலாம் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். அங்கே ஒரு எச்சரிக்கை. ஏஜியன் தீவுகளில் பறக்க முடியாத வண்டுகளுக்குள்ளேயே, கடற்கரை மணலில் வாழ்பவை தீவுக்குத் தீவு குறைவாகவும் இறுகிய மண்ணில் வாழ்பவை மிகுதியாகவும் வேறுபட்டிருந்தன. மணல்மேடு நிலையற்றது. புயலில் அழிந்து வேறிடத்தில் சேரும். அதில் வாழும் வண்டு இடம்பெயரப் பழகாவிட்டால் அழிந்திருக்கும். ஆகவே குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மேல் உள்ள இறுகிய செம்மண்ணின் வண்டையும் மணல் வண்டையும் சேர்த்தெடுத்து ஒப்பிடுவதே நல்ல வடிவமைப்பு. இரண்டிலும் ஒரே இடத்தில் பிளவு வந்தால் கடல் என்று துணிந்து சொல்லலாம்.

நெடுந்தீவுச் சாணி வண்டு மூன்றாவது வாய்ப்பு. குதிரையோடும் மாட்டோடும் வந்ததா, முன்பே இருந்ததா என்பது கவர்ச்சியான கேள்வி. தீவு சிறியது, மாதிரி எடுப்பதும் சுலபம். ஆனால் பறக்கும் இனமென்றால் புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மாதிரிகள் இல்லாமல் அதைத் தொடங்கவேண்டாம்.

மாதிரி எடுப்பது

மிக விலையுயர்ந்த முறையையும் மோசமான மாதிரி கெடுத்துவிடும். இடங்களைத் தெரிவதில் பொதுவான குறை, யாழ்ப்பாணம் ஒன்று, இராமேசுவரம் ஒன்று என்று இரண்டோடு நிற்பது. அதில் நான்காம் வரலாற்றைச் சோதிக்கவே முடியாது. குறைந்தபட்சம் குடாநாட்டில் இரண்டு, ஒரு தீவு, வன்னி, தலைமன்னார், தெற்கில் ஒன்று. அக்கரையில் இராமேசுவரம், கோடிக்கரை, கேரளத்தில் ஒன்று. குடாநாட்டு வண்டு வன்னி வண்டுக்குக் கிட்டவா இராமேசுவரத்துக்குக் கிட்டவா என்ற ஒரே கேள்வி, பல பக்க விவாதத்தை மிச்சப்படுத்தும். ஓரிடத்தில் பத்து வண்டு எடுக்க முடியாவிட்டால் இடங்களைக் குறைக்காமல் வண்டுகளைக் குறையுங்கள்.

ஒரே எருக்கும்பியில் தோண்டிய இருபது புழுவும் பெரும்பாலும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அவற்றை இருபது சுயாதீன மாதிரியாக எண்ணினால் அந்த இடம் தனிக் கூட்டமாகத் தெரியும். ஒரு கும்பிக்கு ஒன்று, கும்பிகளுக்கிடையே அரைக் கிலோமீற்றராவது. பொறியில் வந்தவற்றுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

பாதுகாப்புக்கு 95 வீதத்துக்குக் குறையாத எதனோல், வண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு, 24 மணித்தியாலத்தில் ஒருதரம் மாற்றவேண்டும். வண்டின் உடல்நீரே அதை 80 வீதத்துக்குக் கீழே இறக்கிவிடும். கருவண்டைப் போன்ற தடித்த ஓட்டுக்குள் எதனோல் நேரத்துக்கு நுழையாது, உள்ளே தசை அழுகும். பிடித்த அன்றே பின்காலை அடியோடு கழற்றி, அல்லது மார்புத் தசையைக் கிள்ளி, தனிக் குழாயில் போடுங்கள். வயிற்றுப் பகுதி வேண்டாம்: குடலில் உள்ளதன் டி.என்.ஏ.யும் கூட வரும். போமலின் தொட்ட மாதிரி இவ்வேலைக்கு உதவாது. எதைல் அசற்றேற் ஆவியில் கொன்ற வண்டிலும் டி.என்.ஏ. முறிந்திருக்கும். நிலப் பொறிகளில் எதனோல் ஆவியாகிவிடும் என்பதால் புறோப்பிலீன் கிளைக்கோல் ஊற்றி, மூன்று நாளுக்குள் எடுத்துவிடலாம். தூய எதனோல் மதுவரித் திணைக்கள அனுமதியோடு வாங்கவேண்டிய பொருள், ஆகவே விண்ணப்பத்தைக் களவேலைக்கு முன்பே போட்டுவையுங்கள்.

டி.என்.ஏ. பிரித்தெடுப்புக்குக் கியாஜென் கிற் வாங்க முடிந்தால் ஒரு காலுக்கு 180 மைக்ரோலீற்றர் கரைசல், 20 மைக்ரோலீற்றர் புறோற்றினேஸ்-கே (புரதத்தை உடைக்கும் நொதியம்), 56 பாகையில் இரவு முழுவதும். வாங்க முடியாவிட்டால், கிற் இல்லாமல் இரசாயனங்களால் பிரிக்கும் சீ.ரீ.ஏ.பி. முறை சி.ஓ.ஐ.க்குத் தாராளம். ராட்டுக்கும் சரிவரும், ஆர்.என்.ஏ.யை நொதியத்தால் நீக்கினால். பி.சி.ஆரில் 48 முதல் 50 பாகை ஒட்டுவெப்பநிலை, 35 சுற்று; ஒவ்வொரு தட்டிலும் டி.என்.ஏ. சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்று. அது ஒளிர்ந்தால் தட்டு முழுவதையும் எறிந்துவிடவேண்டும், நல்ல கட்டிகளை மட்டும் பொறுக்கி எடுப்பது கூடாது.

நாம் செய்யச் சொல்வது

பணம் குறைவென்றால் சி.ஓ.ஐ. ஒன்றே, ஆனால் கேள்வியை அதற்கேற்பச் சுருக்குங்கள்: 'பழைய பிளவு உண்டா, ஒரே இனமா' என்பதற்கு மேல் போகாதீர்கள். முதுமாணி ஆய்வுக்கு ஒன்பது இடம், தலா பத்து வண்டு, எல்லாவற்றுக்கும் சி.ஓ.ஐ., வொல்பாக்கியாச் சோதனை, பிறகு ஒரு தட்டுக்கு அடங்கும் அளவுக்கு டி.டி.ராட். ஒரே தட்டென்றால் தட்டு வேறுபாட்டுக் கவலையும் இல்லை. சி.ஓ.ஐ. முடிவு வரும்வரை ராட்டுக்கு மாதிரி அனுப்பவேண்டாம். இரண்டு இனம் கலந்திருந்தால் பணம் முழுதும் போய்விடும். சில நூறு மாதிரிக்கு மேல் சி.ஓ.ஐ. செய்வதென்றால் வழக்கமான சாங்கர் வரிசைப்படுத்தலைவிட நனோபோர் மினியோன் என்ற சிறு கருவி மலிவு. அதன் ஓட்டக்கலம் குளிரில் வைக்கவேண்டியது, காலாவதியும் குறுகியது. மாதிரிகள் எல்லாம் தயாரான பிறகே கட்டளை கொடுங்கள்.

அனுமதி விடயத்தில் விளையாடக்கூடாது. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசிய பூங்காக்களாகப் பிரகடனமானவை. அவற்றுக்குள் ஒரு வண்டு எடுக்கவும் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி தேவை. மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேறு அனுமதி. அக்கரையில் 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டப்படி வெளிநாட்டவர் சென்னையிலுள்ள தேசிய அதிகாரசபையின் ஒப்புதலின்றி மாதிரி எடுக்க முடியாது. ஆகவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்து, அங்கே பிரித்தெடுத்து, அங்கேயே வரிசைப்படுத்தி, எண்தரவை மட்டும் பகிர்வதற்கு முதலிலேயே எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். அப்படிச் செய்தால் ஒரே தட்டுக் கனவு கைநழுவும். ஈடுசெய்ய, இரு ஆய்வுகூடமும் ஒரே நொதியச் சோடியும் ஒரே நீள எல்லையும் வைத்து, பொது மாதிரி ஆறேழையாவது அனுமதியோடு பரிமாறிக்கொள்ளவேண்டும். விமானத்தில் அனுப்பும்போது எதனோல் ஒரு உட்குழாயில் 30 மில்லிலீற்றருக்கும் ஒரு பெட்டியில் ஒரு லீற்றருக்கும் மேற்படாதிருந்தால், சரியாகப் பொதிசெய்து விமானச் சரக்கு விதியான ஏ-180ஐப் பெட்டியின் மேல் எழுதி, ஆபத்தான பொருள் என்ற கட்டணமின்றி அனுப்பலாம். பிரித்தெடுத்த டி.என்.ஏ.யைத் தட்டில் உலர்த்தி அனுப்பினால் அந்தத் தலையிடியும் இல்லை.